திகில் இலக்கியச் சேகரிப்புப் பொருட்கள்: இராமநாதபுரம் கடற்கரையிலிருந்து ஒரு பார்வை

இராமேசுவரத்தில் அக்னி தீர்த்தத்திலிருந்து கோயில் வாசல் வரையுள்ள சங்குக் கடைகளில் விற்கப்படும் பொருட்கள் பல ஆண்டுகளாகப் பெரிதும் மாறாதவை. பெயர் பொறித்த சங்கு, சோழி மாலை, சிப்பி ஒட்டிய முகக்கண்ணாடி, சிப்பி விளக்கு, சாவிக்கொத்து ஆகியவற்றை யாத்திரை வந்தவர்கள் தங்கள் வீட்டுக்கும் அண்டை வீட்டுக்கும் வாங்கிச் செல்கிறார்கள். இதே கரையில், கீழக்கரையிலும் மண்டபத்திலும் தங்கச்சிமடத்திலும் தொண்டியிலும், ஆங்கிலத்திலோ தமிழ் மொழிபெயர்ப்பிலோ பழைய திகில் கதைகளைப் படித்து, படித்ததன் நினைவாக ஒரு பொருளை அலமாரியில் வைத்துக்கொள்ள விரும்பும் இளம் வாசகர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பிறந்தநாள் பரிசு தேடும் அக்காவோ மாமாவோ நண்பரோ கைப்பேசியில் துழாவினால், கோரைப்பல் பொம்மை, மண்டையோட்டுக் குவளை, இரத்தம் வழிவதுபோல் எழுத்து அச்சிட்ட டி-சட்டை என்று நூற்றுக்கணக்கில் வந்து நிற்கும். அவற்றில் மிகப் பெரும்பாலானவை எந்தக் கதையையும் சார்ந்தவை அல்ல. பொதுவான பயமுறுத்தல் அலங்காரங்கள்.

இந்த வேறுபாடுதான் சேகரிப்பின் அடிப்படை. ஒரு பொருளை மனிதர் பல ஆண்டுகள் வைத்துக் காப்பது அதற்குப் பின்னால் ஒரு கதை நிற்பதால்தான். ஆகவே வாங்குபவரும் செய்பவரும் விற்பவரும் முதலில் கேட்க வேண்டியது, இது எந்தக் கதையைச் சேர்ந்தது என்பதையும், அந்தக் கதையை விற்க நமக்கு உரிமை உண்டா என்பதையும்தான். இரண்டாவது கேள்வியில் சட்டம் மட்டுமல்லாமல் மனசாட்சியும் கலந்திருக்கிறது. இந்தக் கடற்கரையில் அது கூடுதலாகவே கலந்திருக்கிறது.

செவ்வியல் திகில் இலக்கியம் என்று சேகரிப்பவர்கள் சொல்வது ஏறத்தாழ ஒன்றே கால் நூற்றாண்டுக் காலத்து எழுத்தை. 1818 ஜனவரி 1-ஆம் நாள் இலண்டனில் மேரி ஷெல்லியின் 'ஃபிராங்கன்ஸ்டைன்' ஆசிரியர் பெயரில்லாமல் 3 தொகுதிகளாக 500 பிரதிகள் மட்டும் அச்சாகி வெளிவந்தது. அமெரிக்காவில் எட்கர் ஆலன் போ 1840-களில் தம் புகழ்பெற்ற கதைகளையும் 'அண்டங்காக்கை' கவிதையையும் எழுதினார். பிராம் ஸ்டோக்கரின் 'டிராகுலா' 1897 மே 26 அன்று, மஞ்சள் துணி அட்டையில் சிவப்பு எழுத்துகளோடு, 6 ஷில்லிங் விலையில் வந்தது. அதே ஆண்டு ஜனவரியில்தான் விவேகானந்தர் பாம்பனில் வந்து இறங்கியிருந்தார் என்று சேர்த்து நினைத்தால், அந்தக் காலம் நமக்கு எவ்வளவு அண்மையானது என்பது புலப்படும். எம். ஆர். ஜேம்ஸின் பேய்க்கதைத் தொகுப்பு 1904-லும், எச். பி. லவ்கிராஃப்டின் 'கத்துலுவின் அழைப்பு' 1928-ல் 'வியர்ட் டேல்ஸ்' இதழிலும் வந்தன.

இந்நூல்களின் முதற்பதிப்புகள் இன்று சாதாரண வாசகரின் கைக்கு எட்டாதவை. 'ஃபிராங்கன்ஸ்டைன்' முதற்பதிப்பு ஒன்று 2021-ல் கிறிஸ்டீஸ் ஏலத்தில் 11 இலட்சம் டாலருக்கும் மேல் விலைபோனது. போ தம் 18-ஆம் வயதில், 1827-ல், பெயர் போடாமல் வெளியிட்ட முதல் கவிதைச் சிறுநூல் ஏறத்தாழ 50 பிரதிகள் அச்சானதாகக் கருதப்படுகிறது. இன்று எஞ்சியிருப்பவை ஒரு டஜன் அளவுதான். லவ்கிராஃப்ட் 1937-ல் ஏழ்மையில் இறந்தபின், அவருடைய நண்பர்கள் ஆகஸ்ட் டெர்லத்தும் டொனால்ட் வாண்ட்ரேயும் 1939-ல் 'ஆர்க்கம் ஹவுஸ்' என்ற பதிப்பகத்தையே அவருக்காகத் தொடங்கி, முதல் தொகுப்பை 1,268 பிரதிகள் அச்சிட்டார்கள். அந்தச் சிறு எண்ணிக்கை விற்றுத் தீரவே சில ஆண்டுகள் ஆயின. இன்று அதை வைத்திருப்பவர் அதைப் பூட்டி வைக்கிறார்.

இங்கே ஒரு காரணத்தைக் கவனிக்க வேண்டும். இவை அரிதானதற்கு, அரிதாக்க வேண்டும் என்று யாரும் திட்டமிட்டது காரணமல்ல; யாரும் மதிக்காததே காரணம். திரைப்படச் சுவரொட்டிகளில் இது இன்னும் தெளிவாகத் தெரிகிறது. 1930-களில் அமெரிக்கத் திரையரங்குகளுக்கு வந்த சுவரொட்டிகள் வைத்துக்கொள்வதற்கானவை அல்ல. ஒரு கொட்டகையில் ஒட்டி, எடுத்து, அடுத்த கொட்டகைக்கு அனுப்பி, கிழிந்ததும் எறிந்துவிடுவார்கள். அதனால்தான் 1932-ன் 'தி மம்மி' சுவரொட்டி ஒன்று 1997-ல் 4,53,500 டாலருக்கும், 1931-ன் 'டிராகுலா' சுவரொட்டி ஒன்று 2017-ல் 5,25,800 டாலருக்கும் ஏலம் போயின. இதற்கு நேர்மாறாக, இன்றைய பொம்மைப் பெட்டிகளில் 'லிமிடெட் எடிஷன்' என்று அச்சிட்டு ஆயிரக்கணக்கில் விற்கிறார்கள். எல்லாரும் பெட்டி பிரிக்காமல் பத்திரமாக வைத்திருக்கும் பொருள் ஒருநாளும் அரிதாகாது. விலை ஏறும் என்ற நம்பிக்கையில் இவற்றை வாங்கும் மாணவர்களிடம் இதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டியிருக்கிறது: பிடித்திருந்தால் வாங்குங்கள், முதலீடாக வாங்காதீர்கள்.

நம் ஊரில் இந்த மதியாமையால் அரிதானவை பழைய தமிழ் இதழ்கள். 1947 ஜூலையில் தொடங்கிய 'அம்புலிமாமா'வில், உடைவாளுடன் விக்கிரமாதித்தன் நடக்க, அவன் தோளில் வேதாளம் தொங்கும் அந்தப் படத்தைப் பார்க்காத தமிழ்க் குழந்தை ஒரு தலைமுறையில் இருந்திருக்க முடியாது. அதை வரைந்த ஓவியர் சங்கர் 2020-ல் மறைந்தார். வேதாளக் கதைகள் 11-ஆம் நூற்றாண்டுச் சோமதேவரின் 'கதாசரித்சாகர'த்திலேயே இருப்பவை. சுடுகாடு, முருங்கைமரம், பிணம், விடை சொன்னாலும் சொல்லாவிட்டாலும் ஆபத்து என்ற அமைப்பு எந்த ஐரோப்பியத் திகில் கதைக்கும் குறைந்ததல்ல. இந்த இதழ்கள் கட்டுக்கட்டாகப் பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போயின. ஓர் ஆண்டு இதழ்களைச் சேர்த்து பைண்டு செய்து வைத்திருந்த வீடுகளில் மட்டும் மிஞ்சின. திகில் வாசகர் ஒருவருக்கு இராமநாதபுரத்திலோ பரமக்குடியிலோ ஒரு பழைய வீட்டுப் பரணிலிருந்து அப்படி ஒரு பைண்டு கிடைக்குமானால், கடல் கடந்து வரும் எந்தப் பொம்மையையும்விட அது பெரிய பரிசு என்று நான் உறுதியாகச் சொல்வேன்.

கடைகளில் இன்று கிடைக்கும் திகில் பொருட்களின் தோற்றத்தைப் புரிந்துகொள்ள, நூலுக்கும் திரைக்கும் இடையிலுள்ள தூரத்தைப் பார்க்க வேண்டும். ஸ்டோக்கர் எழுதிய டிராகுலா பிரபு நீண்ட வெண்மீசை வைத்த கிழவர். காதுகள் மேல்நோக்கிக் கூர்மையானவை. உள்ளங்கையில் மயிர் முளைத்திருக்கும். பகலில் ஆற்றல் குன்றினாலும் வெளியே நடமாடுவார். உயர்ந்த கழுத்துப்பட்டையுள்ள கறுப்பு மேலங்கி 1920-களின் மேடை நாடகத்திலிருந்து வந்தது. சூரிய ஒளி பட்டால் அழிவார் என்பது 1922-ல் ஜெர்மனியில் எடுத்த மௌனப்படத்தின் சேர்க்கை. அந்தப் படம் உரிமை பெறாமல் எடுக்கப்பட்டது. ஸ்டோக்கரின் மனைவி ஃபுளோரன்ஸ் வழக்குத் தொடுத்து, பிரதிகளை அழிக்க நீதிமன்ற ஆணையும் பெற்றார். தப்பிப் பிழைத்த சில பிரதிகளால்தான் அந்தப் படம் இன்று நம்மிடம் இருக்கிறது. ஃபிராங்கன்ஸ்டைன் படைத்த உயிரும் அப்படியே: மேரி ஷெல்லியின் எழுத்தில் அது 8 அடி உயரம், மஞ்சள் தோல், பளபளக்கும் கருங்கூந்தல், முத்துப்போன்ற பற்கள், கறுத்த உதடுகள் கொண்டது, மில்டனையும் புளூட்டார்க்கையும் படித்து வாதாடக்கூடியது. தட்டையான தலையும் கழுத்தில் உலோக முளைகளும் 1931-ல் யுனிவர்சல் நிறுவனப் படத்துக்காக ஒப்பனைக் கலைஞர் ஜாக் பியர்ஸ், நடிகர் போரிஸ் கார்லாஃபின் முகத்தில் உருவாக்கியவை.

திரையில் பிறந்த இந்த முகங்கள் வீட்டுப் பொருளானது அதற்கும் ஒரு தலைமுறை கழித்துத்தான். 1957-ல் யுனிவர்சலின் 52 பழைய படங்கள் அமெரிக்கத் தொலைக்காட்சிக்கு ஒரே தொகுப்பாக விற்கப்பட்டன; அவற்றைக் கண்ட சிறுவர்களுக்காக 1958-ல் அரக்கர்களுக்கென்றே ஓர் இதழ் தொடங்கியது; 1961-ல் அரோரா நிறுவனம் ஒட்டிச் சேர்க்கும் பிளாஸ்டிக் பாகங்களாக ஃபிராங்கன்ஸ்டைன் உருவத்தை வெளியிட்டது. ஜேம்ஸ் பாமா அந்தப் பெட்டிகளுக்கு வரைந்த ஓவியங்களுக்காகவே இன்று வெறும் பெட்டியைத் தேடுபவர்களும் உண்டு. 1971-ல் காலையுணவுத் தானியப் பெட்டிக்கும் இந்த அரக்கர்கள் வந்துவிட்டார்கள்.

அப்போது ஒரு கேள்வி நீதிமன்றத்துக்குப் போனது. 1931 படத்தில் டிராகுலாவாக நடித்த பெலா லுகோசி 1956-ல் இறந்து, அந்த மேலங்கியுடனேயே அடக்கம் செய்யப்பட்டார். அவருடைய முகத்தைப் பொம்மைகளிலும் சட்டைகளிலும் விற்க யுனிவர்சல் நிறுவனம் உரிமம் வழங்கிக்கொண்டிருந்தபோது, அவருடைய மனைவியும் மகனும் வழக்குத் தொடுத்தார்கள். கீழ் நீதிமன்றம் குடும்பத்தின் பக்கம் நின்றது. 1979-ல் கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் அதை மாற்றி, தன் முகத்தை வணிகமாக்கும் உரிமை அந்த மனிதரோடு முடிந்துவிடுகிறது, வாரிசுக்குப் போவதில்லை என்று தீர்ப்பளித்தது. அடுத்த சில ஆண்டுகளுக்குள் அந்த மாநிலம் சட்டம் இயற்றி, இறந்தவரின் உருவத்துக்கும் வாரிசுகளுக்கு உரிமை அளித்தது. திகில் பொருள் வணிகத்தின் வரலாற்றில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது இந்த வழக்குதான். ஒரு பாத்திரம் யாருடையது, அதற்குக் கொடுக்கப்பட்ட முகம் யாருடையது என்பவை தனித்தனிக் கேள்விகள் என்பதை அது நிலைநாட்டியது.

நம்மூரில் எதையாவது செய்து விற்க நினைப்பவருக்கு இது நேரடியாகப் பயன்படும். இந்தியச் சட்டப்படி ஆசிரியர் இறந்து 60 ஆண்டுகள் கழிந்தால் நூலின் பதிப்புரிமை முடிகிறது. ஆகவே மேரி ஷெல்லி, போ, ஸ்டோக்கர், லவ்கிராஃப்ட் ஆகியோரின் மூல வரிகளை யாரும் அச்சிடலாம், பொறிக்கலாம், வரையலாம். 1948-ல் மறைந்த புதுமைப்பித்தனின் 'காஞ்சனை'க்கும் அதே நிலைதான். ஆனால் ஒரு நூலின் அண்மைக்காலத் தமிழ் மொழிபெயர்ப்பு மொழிபெயர்ப்பாளருடையது. வேதாளக் கதை பொதுச்சொத்து; சங்கரின் வேதாளப் படம் அப்படியல்ல. 'ஃபிராங்கன்ஸ்டைன்' எல்லாருக்கும் பொது; தட்டைத்தலை முகம் ஒரு நிறுவனத்தின் பெயரில் இருக்கிறது. நூலிலிருந்து நேரடியாக வரைபவருக்கு இந்தத் தொல்லை இல்லை. வெண்மீசைக் கிழவராக ஒரு டிராகுலாவை வரைந்து பாருங்கள். நூலைப் படித்தவர் உடனே அடையாளம் கண்டு மகிழ்வார், படிக்காதவர் யார் இவர் என்று கேட்பார். அந்தக் கேள்வியே பொருளுக்குப் பெருமை.

ஒரு கடற்கரை ஊர் இத்தகைய வணிகத்தை எப்படி வளர்த்துக்கொள்ளலாம் என்பதற்கு இங்கிலாந்தின் விட்பி நல்ல எடுத்துக்காட்டு. வடகடலோரம் உள்ள மீன்பிடி ஊர் அது. குன்றின்மேல் இடிந்த துறவிமடம், அதனருகே பழைய தேவாலயம், அதற்கு ஏறிச்செல்ல 199 படிகள். ஸ்டோக்கர் 1890-ல் அங்கே கோடை விடுமுறைக்குத் தங்கி, கல்லறைகளில் கண்ட பெயர்களைக் குறித்துவைத்து, 1885-ல் அந்தக் கரையில் தரைதட்டிய 'திமித்ரி' என்ற ருஷ்யக் கப்பலின் செய்தியைக் கேட்டு, அதையே தம் நாவலில் சுக்கானோடு கட்டுண்ட கப்பல் தலைவனின் பிணத்தைச் சுமந்து வரும் 'டெமீட்டர்' ஆக்கினார். அந்தக் குறிப்புகள் இப்போது அமெரிக்காவின் பிலடெல்ஃபியா நகரில் ரோசன்பாக் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. விட்பியில் டிராகுலா பெயரில் மலிவான பொருட்களும் ஏராளம் விற்கின்றன. ஆனால் அந்த ஊரின் சிறந்த பொருள் அதுவல்ல. அங்குள்ள பாறைகளில் கிடைக்கும் 'ஜெட்' என்ற கரிய கல்லில் செய்த நகை. கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் புதைந்த மரம் இறுகி உருவானது அது. 1861-ல் கணவரை இழந்த விக்டோரியா அரசி துக்க காலத்தில் அதை அணிந்ததால் நாடு முழுவதும் துக்க நகையாகப் பரவியது. அதில் டிராகுலா பெயரே இல்லை. இருந்தும் அந்த நாவலின் காலம், இடம், மரணத்தைப் பற்றிய அந்தக் காலத்து மனநிலை மூன்றும் அந்தச் சிறு கல்லில் இருக்கின்றன. தன் மண்ணில் கிடைப்பதைத் தன் கைத்தொழிலால் செய்து, கதைக்கு அருகில் கொண்டுவந்து வைப்பதே அந்த ஊர் கண்ட வழி.

இராமநாதபுரம் கடற்கரைக்குப் பொருத்திப் பார்த்தால், நம்மிடம் இருப்பவை சங்கும் பனையும். மன்னார் வளைகுடாச் சங்கு கீழக்கரை வணிகர்கள் கைவழியாக வங்காளத்துக்கு வளையலாகப் போனது பழைய வரலாறு. கோயிலிலும் மங்கல நிகழ்ச்சியிலும் ஊதும் சங்கையே, சேகண்டியோடு, பிண ஊர்வலத்திலும் ஊதுவது நம் வழக்கம். இரவில் தொலைவிலிருந்து அந்த ஒலி வந்தால் வீட்டிலுள்ள குழந்தைகள் அடங்கிப்போவதை இந்தப் பக்கத்தில் வளர்ந்தவர் யாரும் அறிவார். எம். ஆர். ஜேம்ஸின் மிகப் புகழ்பெற்ற கதை ஒன்றில், இங்கிலாந்தின் கிழக்குக் கடற்கரையில் ஒரு பேராசிரியர் பழைய இடிபாடு ஒன்றில் கிடைத்த ஊதுகுழலை எடுத்துவந்து ஊதுகிறார். அதன்பின் ஏதோ ஒன்று அவரைத் தொடர்ந்து வருகிறது. அந்தக் கதையைப் படித்த ஒருவருக்கு, கதையின் சிறு பதிப்போடு, பெயரோ படமோ பொறிக்காத ஓர் எளிய ஊதுசங்கைச் சேர்த்துக் கொடுத்தால், அதன் பொருள் அவருக்கு விளக்காமலே விளங்கும்.

பனையோலை இன்னும் வளமான பொருள். சாயல்குடிப் பக்கத்துப் பனங்காடுகளை நம்பி ஓலைப் பெட்டியும் கொட்டானும் விசிறியும் முடையும் பெண்கள் இன்றும் இருக்கிறார்கள். ஓலையை அவித்து, உலர்த்தி, அழுத்திச் சீராக்கி, எழுத்தாணியால் கீறி, விளக்குக் கரியை எண்ணெயில் குழைத்துத் தடவித் துடைத்தால் எழுத்து கறுப்பாக எழும். சுவடி எழுதிய முறை அதுதான். நூலில் அடையாளம் வைக்கும் ஓலை நறுக்கில் போவின் ஒரு வரியையோ, 'கலிங்கத்துப்பரணி'யின் ஒரு தாழிசையையோ இப்படிப் பொறித்துக் கொடுக்கலாம். பரணியை இங்கே நான் வலிந்து இழுக்கவில்லை. செயங்கொண்டார் 12-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாடிய அந்த நூலில் காளி கோயிலுக்கும் அவளைச் சூழ்ந்த பேய்களுக்கும் தனித்தனிப் பகுதிகள் உண்டு. போர்க்களத்தில் பேய்கள் கூழ் அடும் காட்சியின் கொடூரமும் நகைச்சுவையும் ஒன்றாகக் கலந்த தொனி மேற்கத்தியத் திகில் வாசகருக்கும் வியப்பளிக்கும். அதைவிடப் பழையது காரைக்கால் அம்மையார் 'கொங்கை திரங்கி நரம்பெழுந்து' என்று தொடங்கிப் பாடிய பெண்பேயின் உருவம். ஆயினும் அம்மையார் வழிபடப்படும் நாயன்மார். அவருடைய உருவத்தைத் திகில் பொம்மையாக்கி விற்பதை நான் ஏற்கமாட்டேன். பாடலைப் படிக்கக் கொடுப்பது வேறு.

கடல்சார் பொருட்களில் ஒரு கடுமையான எச்சரிக்கை தேவைப்படுகிறது. மேற்கு நாடுகளில் திகில் இரசிகர்களிடையே, 'விநோதப் பெட்டகம்' என்ற பெயரில் எலும்பு, பதப்படுத்திய உயிரினம், பவளம், கண்ணாடிபோன்ற பிசினில் உறையவைத்த கடல்குதிரை ஆகியவற்றைச் சேர்க்கும் பழக்கம் இருக்கிறது. அந்தப் படங்களைப் பார்த்துவிட்டு இங்கே அவற்றைத் தேடுவது சட்டக் குற்றத்தில் முடியும். கடல்குதிரை, கடல் அட்டை, பவளம், கடல் விசிறி ஆகியவை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1972-ன் பாதுகாப்புப் பட்டியலில் 2001-ல் சேர்க்கப்பட்டவை. சில பெரிய சங்கு, சிப்பி இனங்களும் அந்தச் சட்டத்தின்கீழ் வருகின்றன. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா. கரையில் ஒதுங்கிய செத்த பவளம்தானே என்ற சமாதானம் செல்லாது. யாராவது இரகசியமாக எடுத்து நீட்டினாலும் வாங்கக் கூடாது. அந்த உயிரினங்களை நம்பித்தான் இந்தக் கடலில் மீன் இருக்கிறது, மீனை நம்பித்தான் இந்தக் கரையில் வீடுகள் இருக்கின்றன.

சட்டம் தடுக்காத, ஆனால் நாமே தடுத்துக்கொள்ள வேண்டிய ஒன்றும் இருக்கிறது. 1964 டிசம்பர் 22 நள்ளிரவையொட்டிய புயலில் தனுஷ்கோடி அழிந்தது. பாம்பனிலிருந்து சென்ற பயணிகள் இரயில் கடலுக்குள் அடித்துச் செல்லப்பட்டு அதிலிருந்த நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஊருக்குள் இறந்தவர்கள் அதனினும் பலர். வாழத் தகுதியற்ற இடம் என்று அரசு அறிவித்த பின்பும் மீனவக் குடும்பங்கள் அங்கே குடிசை போட்டு வாழ்ந்துகொண்டுதான் இருக்கின்றன. 2017-ல் அரிச்சல்முனை வரை சாலை போட்டபின் கூட்டம் பெருகி, இடிந்த தேவாலயத்தையும் இரயில் நிலையத்தையும் 'பேய் நகரம்' என்று படம்பிடித்துக் காட்டுவது வழக்கமாகிவிட்டது. அந்தச் சுவரின்மேல் ஒரு பேயுருவை வரைந்து காந்த வில்லையாகவும் சட்டையாகவும் விற்க எத்தனை நாளாகும்? டிராகுலா யாரையும் கொல்லவில்லை. டெமீட்டர் கப்பலின் மாலுமிகள் தாளில் மட்டுமே இறந்தவர்கள். தனுஷ்கோடியில் இறந்தவர்களுக்கு இராமேசுவரத்திலும் பாம்பனிலும் தங்கச்சிமடத்திலும் உறவினர்கள் இருக்கிறார்கள். அந்த இடத்தின் நினைவாக ஒரு பொருள் வேண்டுமென்றால், இலங்கைக் கப்பலுக்குப் பயணிகளைக் கொண்டுவந்த பழைய போட் மெயில் இரயிலின் வழித்தட வரைபடமோ, புயலுக்கு முந்தைய ஊரின் தெருக்களோ, நடந்ததைச் சொல்லும் சிறுநூலோ செய்யலாம். அவை விற்கும், விற்பவர் தலைகுனிய வேண்டியதும் இல்லை.

ஏர்வாடியைப் பற்றியும் இதையே சொல்ல வேண்டும். மனநலக் காப்பகம் திகில் கதைகளில் மிகப் பழைய களம். 'டிராகுலா'விலும் ரென்ஃபீல்ட் என்ற நோயாளி பூச்சிகளைத் தின்றுகொண்டு அங்கேதான் அடைபட்டிருக்கிறார். அதனால் பிளாஸ்டிக் சங்கிலியும் கைகட்டும் சட்டையும் அலங்காரப் பொருளாக விற்கின்றன. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை ஏர்வாடியில் ஒரு தனியார் காப்பகத்தில் தீப்பிடித்தபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் இறந்தார்கள். நாடு முழுவதும் மனநலக் காப்பகங்களின் நிலை கேள்விக்குள்ளானது அதன் பிறகுதான். இந்த மாவட்டத்தில் ஒரு பரிசுப் பெட்டிக்குள் பொம்மைச் சங்கிலி வைப்பது யார் மனதை எப்படித் தைக்கும் என்பதை வைப்பவர் யோசிக்க வேண்டும்.

செலவு பற்றிக் கவலைப்படுபவர்களுக்கு அஞ்சல்தலைகள் ஏற்றவை. 1997-ல் 'டிராகுலா'வுக்கு நூற்றாண்டும், மேரி ஷெல்லி பிறந்து 200 ஆண்டும் ஒருசேர வந்தன. அந்த ஆண்டு அமெரிக்க அஞ்சல்துறை லான் சேனி, லுகோசி, கார்லாஃப் முதலியோர் ஏற்ற ஐந்து திரை அரக்கர்களை 32 சென்ட் தலைகளாக வெளியிட்டது. பிரிட்டனும் டிராகுலா, ஃபிராங்கன்ஸ்டைன், ஜெக்கில்–ஹைட், பாஸ்கர்வில் வேட்டைநாய் ஆகிய நான்கு தலைகளை வெளியிட்டது. கோடிக்கணக்கில் அச்சானவை என்பதால் அஞ்சல்தலை வணிகர்களிடம் இன்றும் எளிய விலைக்குக் கிடைக்கும். சட்டமிட்டுச் சுவரில் மாட்டினால் பல நூறு ரூபாய்ப் பொம்மையைவிட மதிப்பாக இருக்கும்.

எதை வாங்கினாலும் இந்தக் கரையில் அதைக் காப்பது தனி வேலை. உப்புக் காற்று முதலில் தாக்குவது இதழ்களின் நடுவிலுள்ள கம்பிப் பின்னை. துரு பிடித்து, சுற்றியுள்ள தாளையும் அரித்து, நடுப்பக்கம் கழன்று விழும். பழைய 'அம்புலிமாமா' வாங்கியவர் அந்தப் பின்னைப் பொறுமையாக எடுத்துவிட்டு, பருத்தி நூலால் தைத்துக்கொள்வது நல்லது. கடல் பார்த்த சுவரை ஒட்டி அலமாரி வைக்கக் கூடாது. வாடைக்காற்று வீசும் மழை மாதங்களில் சிலிக்கா ஜெல் பைகளைப் புத்தகங்களுக்கிடையில் போட்டு, அவை ஈரம் இழுத்து நிறம் மாறியதும் சூடாக்கி உலர்த்தித் திரும்ப வைக்க வேண்டும். இராமபாணப் பூச்சிக்கு நம் வீடுகளில் வசம்பும் நொச்சி இலையும் வைப்பதுண்டு. புத்தகத்துக்கு அவை கெடுதல் செய்வதில்லை. ஆனால் நாப்தலீன் உருண்டையைப் பிளாஸ்டிக் உருவங்கள் இருக்கும் பெட்டியில் போட்டுவிடாதீர்கள். பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக்கை அதன் ஆவி இளக்கிவிடும். மணிக்கணக்கில் ஒட்டி வண்ணம் பூசிய உருவம் பிசுபிசுத்துப் பாழாகும். மென்மையான வினைல் பொம்மைகள் வெயில் படும் சன்னலோரத்தில் வைத்தால் தாமாகவே எண்ணெய் கசிந்து ஒட்டத் தொடங்கும். மலிவான துத்தநாகக் கலப்பு உலோகச் சிலைகள் கடலோரத்தில் விரைவில் வெண்பொடி பூத்துவிடும் என்பதால், உலோகம் வாங்குபவர் பித்தளையோ வெண்கலமோ வாங்கட்டும். பித்தளையில் களிம்பு ஏறினால் புளி போட்டுத் தேய்க்கலாம். அதே புளியைச் சங்கின்மேல் போட்டால் சுண்ணாம்பு கரைந்து மினுமினுப்பு போய்விடும், சங்குக்கு வெறும் நீரும் மென்துணியும் போதும்.

வெளியூருக்கு அனுப்புவதானால் சங்கைத் தனியாகவும் நூலைத் தனியாகவும் கட்ட வேண்டும். ஒரே பெட்டியில் உருளும் சங்கு நூலின் முனைகளை மடக்கிவிடும். ஓலைப் பெட்டியை முடைபவரிடம் முன்கூட்டியே நூலின் நீள அகலத்தைச் சொல்லிவிட்டால் அளவாக முடைந்து தருவார்கள். வாங்கியவுடன் மூடிக் கட்டாமல் ஓரிரு நாள் நிழலில் காயவிட்டு, ஓலையில் ஈரம் இல்லை என்று தொட்டுப் பார்த்து உறுதி செய்தபின் நூலை உள்ளே வைத்தால், பெட்டியிலும் பூஞ்சை வராது, அட்டையிலும் கறை ஏறாது.